உயரம் 10 அடி, 12 அடி ஆனால் சதுர அடி ரேட்டு 20 சதவீதம் கூடுமா?

#1 கொழிஞ்சை_புதுவீடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேரளா, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டப் போறோம். வெளி அளவு 36 × 30 அடி, ஒரே தளம், மொட்டை மாடிக்கு வீட்டுக்குள்ளேயே படி. 8 அங்குல சிமெண்ட் பிளாக் சுவர். உள்சுவர் எல்லாம் சேர்த்து 70 அடி நீளம், அதுவும் 8 அங்குலமே. கான்ட்ராக்டர் பேசினது சதுர அடிக்கு 2000 ரூபா, 10 அடி உயரத்துக்கு. இப்ப வெக்கைக்காக 12 அடி வேணும்னு வீட்ல முடிவு. அவர் சொல்றார்: “வீட்டோட கன அளவு 20 சதவீதம் கூடுது, அதனால ரேட்டும் 20 சதவீதம், இனி 2400.” அதாவது 21.6 லட்சம் 25.92 லட்சம் ஆகுது. 4.32 லட்சம் கூடுதல். கணக்கு சரிதானுங்களா? கன அளவு கூடுறது உண்மைதான், அதை மறுக்க முடியல.

#2 ரசமட்டம்

கன அளவு 20 சதவீதம் கூடுவது உண்மை. செலவு அதே அளவு கூடும் என்பதுதான் தப்பு. வீட்டுக்குள் இருக்கிற கன அளவு காற்று. காற்றுக்கு யாரும் சிமெண்ட் வாங்குவதில்லை.

உயரம் கூடினால் என்னென்ன மாறும், என்னென்ன மாறாது என்று பிரித்துப் பாருங்கள். அஸ்திவாரம், பேஸ்மென்ட், மண் நிரப்பல், தரை கான்கிரீட், டைல்ஸ், மேல் தளம், தட்டோடு, கதவு, ஜன்னல், பாத்ரூம் சாமான், செப்டிக் டேங்க், எதுவும் மாறாது. இவையெல்லாம் நீளம், அகலத்தோடு போகிறவை. உயரத்தோடு போகிறவை சுவர், பூச்சு, பெயிண்ட், சாரம், முட்டு, படி, சுவரில் இறங்கும் பைப். அவ்வளவுதான்.

உங்கள் அளவையே போட்டுப் பார்க்கலாம். வெளிச்சுவர் சுற்றளவு 132 அடி. மூலை நான்கும் இரண்டு முறை எண்ணப்படும் என்பதால் சுவரின் நடுக்கோட்டை எடுக்க வேண்டும்: 132லிருந்து நான்கு சுவர்த் தடிமன், அதாவது 2 அடி 8 அங்குலம், கழித்தால் 129 அடி 4 அங்குலம். உள்சுவர் 70 சேர்த்தால் சுமார் 200 அடி. கூடுதல் உயரம் 2 அடி. ஆக 400 சதுர அடி சுவர்.

இதில் ஜன்னல், கதவுக்கு ஒன்றும் கழிக்காதீர்கள். லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் போகிற கான்கிரீட் பட்டை, 7 அடியில்தான் நிற்கிறது. கூடுகிற 2 அடியும் அதற்கு மேலே வருகிற முழுச்சுவர்.

16 × 8 அங்குல முகம் உள்ள பிளாக், சாந்து இணைப்பையும் சேர்த்து, 100 சதுர அடிக்கு 112 அல்லது 113 வரும். 400 சதுர அடிக்கு 450 பிளாக். கட்டுச்சாந்துக்கு 3 முதல் 4 மூட்டை சிமெண்ட்.

பூச்சு: வெளியே 132 × 2 = 264 சதுர அடி. வெளிச்சுவரின் உள்முகம் 126 அடி 8 அங்குலம் × 2 = 253. உள்சுவர் இரண்டு முகம் 70 × 2 × 2 = 280. மொத்தம் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டும் பட்டியும் அதே 800.

#3 தூக்குக்குண்டு

ரசமட்டம் சார் சொல்றது சரிதானுங்க, ஆனா கான்ட்ராக்டர் பக்கமும் கொஞ்சம் பேசணும். சாரம் ஒரு தட்டு கூடும். சென்ட்ரிங் முட்டு, அதாவது தளப் பலகையைத் தாங்குற கால், வழக்கமா 10, 10½ அடிக்குத்தான் வாடகை பேசுவாங்க. 12 அடிக்கு ஜாக்கி நீட்டணும், நடுவுல குறுக்குக் கட்டு கட்டாயம் போடணும், இல்லாட்டி முட்டு வளைஞ்சு தளம் தொங்கும். பிளாக்கை மேல ஏத்துற ஆள் கூலியும் கடைசி ரெண்டு அடிக்குத்தான் அதிகம். கீழ் ரெண்டு அடிக்கும் மேல் ரெண்டு அடிக்கும் ஒரே கூலின்னு நினைக்கக் கூடாது.

அப்புறம் 8 அங்குலச் சுவருக்கு 12 அடி பரவாயில்லீங்க. 4 அங்குலத் தடுப்பு எங்கயாச்சும் இருந்தா நடுவுல ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டச் சொல்லுங்க.

#4 ரசமட்டம்

சரியான பாயிண்ட். அதையும் சேர்த்தே விலை போடுவோம். கீழே இருப்பவை கணக்குக்காக வைத்த விலை, உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவர், சாமானும் கூலியுமாக சதுர அடி 100 என்றால் 40,000. பூச்சு 45 வீதம் 800க்கு 36,000. பட்டி, பெயிண்ட் 25 வீதம் 20,000. சாரம், முட்டு கூடுதல் 15,000. படிக்கட்டில் கூடுதல் படிகளுக்கு 8,000. சுவரில் இறங்குகிற எலக்ட்ரிக் பைப், வயர் 3,000. மொத்தம் 1,22,000.

21.6 லட்சத்தில் இது ஆறு சதவீதத்துக்கும் கீழே. ரேட்டு 2000லிருந்து 2113 ஆகலாம். மேலே இரண்டு, மூன்று அயிட்டத்தில் நான் குறைவாகப் போட்டிருந்தாலும் 2150. 2400 எப்படிப் பார்த்தாலும் வராது.

#5 கொழிஞ்சை_புதுவீடு

ரொம்ப நன்றிங்க. அப்படீன்னா கன அளவுன்னு ஒண்ணு பார்க்கவே வேண்டாமா? எல்லாம் சதுர அடியிலேயே முடிஞ்சுடுமா?

#6 ரசமட்டம்

இல்லை, அது மறுபக்கத் தப்பு. கான்கிரீட், மண், ஜல்லி, எம்-சாண்ட், மரம், தண்ணீர் எல்லாம் கன அளவுதான். சதுர அடி ரேட்டு என்பது ஒரு உயரத்தையும் ஒரு தடிமனையும் உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிற ரேட்டு. எந்த அயிட்டத்தைப் பார்த்தாலும், மூன்று அளவில் எதை அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று கேளுங்கள். தளத்தில் அது கனம். சுவரில் தடிமன். பூச்சில் மில்லிமீட்டர்.

மேல் தளம்: 36 × 30 = 1080 சதுர அடி. 5 அங்குலம் என்றால் 1080 × 5 ÷ 12 = 450 கன அடி, 12.74 கன மீட்டர். எம்20 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3) ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி ஜல்லி என்று வைத்தால் 102 மூட்டை, 190 கன அடி மணல், 380 கன அடி ஜல்லி. இதில் சன்ஷேடும் தளத்துக்குக் கீழே இறங்குகிற பீமும் சேரவில்லை.

இப்போது தளம் 4½ அங்குலத்தில் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடி மாறவில்லை, அதே 1080. ஆனால் 45 கன அடி கான்கிரீட், அதாவது 10 மூட்டை சிமெண்ட் குறைந்துபோனது. பில்லில் இது எங்கேயும் தெரியாது. கான்கிரீட் போடும்போது பலகை ஓரத்தில் 5 அங்குலத்துக்கு ஆணி அடித்து நூல் கட்டுங்கள். நடுவில் ஐந்தாறு இடத்தில் கம்பி குத்தி ஆழம் பாருங்கள். கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் கீழே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ரெடிமிக்ஸ் வாங்கினால் லாரி பொதுவாக 6 கன மீட்டர். 12.74 வந்தால் இரண்டு லாரி போக முக்கால் மீட்டர் மிச்சம் நிற்கும். சன்ஷேடு, லிண்டல் மிச்சத்தை அன்றைக்கே சேர்த்துப் போடுகிற மாதிரி திட்டமிடாவிட்டால் மூன்றாவது லாரிக்கு முழு வாடகை.

#7 கோபாலபுரம்_டிப்பர்

ஜல்லி, எம்-சாண்ட் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வந்தா யூனிட் கணக்கு, 1 யூனிட் 100 கன அடி. கேரளா கடையில “ஒரு அடி இவ்வளவு”ம்பாங்க, அது கன அடி. டைல்ஸ் கடையில அதே “அடி” சதுர அடி. சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் பேசுறப்போ அது ஓட்ட அடி, நீளம் மட்டும். எந்த அடின்னு பில்லுல எழுதி வாங்குங்க.

லோடு வந்ததும் கொட்ட விடாதீங்க. டிப்பர் பாடி உள்பக்கம் டேப் போட்டு நீளம், அகலம் எடுங்க. மேல குவியலைத் தட்டி மட்டம் பண்ணச் சொல்லி, கம்பியை ஓரத்துல நாலு, நடுவுல ஒண்ணு குத்தி ஆழம் எடுத்து சராசரி போடுங்க. உள்அளவு 10 × 6½ அடி, ஆழம் 2½ அடின்னா 162 கன அடி. 2 யூனிட்டுன்னு பில் போட்டிருந்தா 38 அடி குறைச்சல். வெளிப்பக்கம் அளந்தா தகடு கனமும் சேர்ந்து ஏமாத்தும். கொட்டின பிறகு அளக்கவே முடியாது, அது கூம்பா நிக்கும்.

#8 மீனாட்சிபுரம்_மேற்கு

ஈரமான மணல்ல அளவு கூடும்னு சொல்வாங்களே, அது உண்மைதானா?

#9 ரசமட்டம்

உண்மை. நுண்ணிய மணலில் 5 சதவீதம் சுற்றி ஈரம் இருந்தால் ஒவ்வொரு துகளையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் நின்று, துகள்களை விலக்கி வைக்கும். கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை ஊதும். முழுக்க நனைந்துவிட்டால் திரும்பப் படிந்துவிடும். சோதனை சுலபம்: நேரான பக்கம் உள்ள ஒரு டப்பாவில் மணலைத் தளர்வாகக் கொட்டி உயரம் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கிளறி மணல் படிந்ததும் மறுபடி அளங்கள். 20 செ.மீ. இருந்தது 16 ஆனால், 16க்கு 4, அதாவது 25 சதவீதம் ஊதல். பணம் மட்டும் இல்லை, பெட்டி வைத்துக் கலவை போடும்போது அந்த ஈர மணலில் பெட்டி நிறைந்தாலும் மணல் குறைவாகத்தான் விழுகிறது. கலவை விகிதம் மாறிவிடும்.

மண் நிரப்பல் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஏமாற்றும். உங்கள் பேஸ்மென்ட் தரையிலிருந்து 2 அடி என்று வைப்போம். தரை கான்கிரீட் 4 அங்குலம், டைல்ஸும் அதன் சாந்தும் 2 அங்குலம் போனால் மண்ணுக்கு 1½ அடி. சுவர் போக உள்ளே இருக்கிற பரப்பு 947 சதுர அடி. 947 × 1½ = 1420 கன அடி, இடித்து இறுக்கிய பிறகு. லாரியில் வருவது தளர்ந்த மண். 25 சதவீதம் கூட்டி 1775 கன அடி, 17¾ யூனிட் சொல்ல வேண்டும். 6 அங்குலம் 6 அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் விட்டு இடிக்காமல் ஒரே மூச்சில் நிரப்பினால் 15 யூனிட்டிலேயே நிறைந்த மாதிரி தெரியும். பிறகு டைல்ஸுக்கு அடியில் இறங்கும்.

#10 கொழிஞ்சை_புதுவீடு

இந்த 947 எங்கிருந்து வந்துச்சுங்க? 1080தானே வீடு?

#11 கணக்குப்புள்ளி

இந்த ஒரு வீட்டுக்கே மூன்று எண் இருக்கிறது. வெளி அளவு 1080 சதுர அடி, இது பிளிந்த் ஏரியா. வெளிச்சுவர் நிற்கிற இடம் 129 அடி 4 அங்குலம் × 8 அங்குலம் = 86 சதுர அடி. அதைக் கழித்தால் 994. உள்சுவர் நிற்கிற இடம் 70 × 8 அங்குலம் = 47. அதையும் கழித்தால் 947. இதுதான் டைல்ஸ் போடுகிற தரை. பூச்சு கனம் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் சொல்லுகிற கார்ப்பெட் ஏரியா இந்த நடு எண். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி போகும், உள்தடுப்புச் சுவர் நிற்கிற இடம் மட்டும் சேரும். பிளாட் வாங்குகிறவர்களுக்கு அது. தனி வீடு கட்டுகிறவர்களுக்கு கான்ட்ராக்டர் எந்தச் சதுர அடி பேசுகிறார் என்பதே முக்கியம். சிட்-அவுட் (முன் வராந்தா) முழுசா, பாதியா? கார் போர்ச்? மாடிப்படி கேபின்? சன்ஷேடு? தண்ணீர்த் தொட்டி மேடை? இவை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. பிளானில் எல்லாம் மீட்டர். 36 × 30 அடி என்பது 10.973 × 9.144, அதாவது 100.33 சதுர மீட்டர். 1975ஆம் ஆண்டு கேரள கட்டட வரிச் சட்டப்படி ஒருமுறை கட்டுகிற வரி 100 சதுர மீட்டரைத் தாண்டிய வீடுகளுக்கு வரும். ஆடம்பர வரி என்று சொல்லிவந்த கூடுதல் வரி 278.7 சதுர மீட்டரில், அதாவது 3000 சதுர அடியில் ஆரம்பம். இரண்டுமே பரப்பைத்தான் பார்க்கும். 10 அடி உயரமா 14 அடியா என்று கேட்காது.

100க்குள் நிற்க வேண்டுமென்றால் 30 அடியை 29 அடி 10 அங்குலம் ஆக்கினால் 99.8 வரும் என்று தோன்றும். ஆனால் டேப் விழப் போவது பூசி முடித்த சுவரில். வெளிப்பூச்சு பக்கத்துக்கு 15 மி.மீ. சேர்ந்தால் அதுவே மறுபடி 100.4 ஆகிவிடும். 29 அடி 7 அங்குலத்துக்கு இறங்கினால்தான் நிம்மதி. மாடிப்படி கேபின் போட்டால் அந்தக் கூரையையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

#12 கொழிஞ்சை_புதுவீடு

கேபின் இல்லாம முடியாதுங்க, மழைத் தண்ணி படி வழியா இறங்கும். வரி வந்தா வரட்டும்.

#13 மீனாட்சிபுரம்_மேற்கு

மீட்டரை அடியாக்க 3.28ஆல பெருக்கினாப் போதும்தானே? ஒரு ஏஜென்ட் அப்படித்தான் போட்டுக் குடுத்தார்.

#14 கணக்குப்புள்ளி

நீளத்துக்கு மட்டும் 3.281. சதுர மீட்டருக்கு 10.764. கன மீட்டருக்கு 35.31. நீளத்தைப் பெருக்கினதை அகலத்துக்கும் ஒரு முறை, உயரத்துக்கும் ஒரு முறை பெருக்குகிறோம், அதனால்தான். 100 சதுர மீட்டர் வீட்டை 328 சதுர அடி என்று யாராவது எழுதினால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஜல்லியில் 5 கன மீட்டரை 54 கன அடி என்று எழுதினால் பலருக்குத் தெரியாது. அது 176½.

அடி, அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதுவதையும் விடுங்கள். 10 அடி 6 அங்குலம் 10.6 இல்லை, 10.5. 12 அடி 6 அங்குலத்தோடு பெருக்கினால் சரியான விடை 131¼, தப்பாகப் போட்டால் 133½. 10 அடி 10 அங்குலம் வந்தால் 10.10 என்று எழுதி 10.1 ஆகிவிடும். சரியானது 10.83. கால்குலேட்டரில் போடும் முன் அங்குலத்தை 12ஆல் வகுத்துவிடுங்கள்.

நிலத்துக்கு: 1 சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். கேரளப் பத்திரத்தில் ‘ஆர்’ என்று வந்தால் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட்.

#15 தூக்குக்குண்டு

பூச்சு கூலி, பெயிண்ட் கூலி பேசுறவங்களுக்கு ஒண்ணு. தரை சதுர அடியை வெச்சு மூணரை மடங்கு, நாலு மடங்குன்னு சுவர் பரப்பு போடுவாங்க. அது எப்பவும் சரி வராதுங்க. 10 × 12 ரூமும் 120 சதுர அடிதான், 6 × 20 ரூமும் 120தான். 10 அடி உயரத்துல ரெண்டும் 1200 கன அடிதான். ஆனா சுவர் முதல் ரூம்ல 440 சதுர அடி, ரெண்டாவதுல 520. நீளமா, ஒடுங்கி இருக்கற ரூமு பெயிண்டைக் குடிக்கும். பாத்ரூமு, ஸ்டோரு மாதிரி சின்ன ரூம் நிறைய இருந்தாலும் அப்படித்தான்.

#16 ரசமட்டம்

அதோடு திறப்புக் கழிவும் பேசிக்கொள்ளுங்கள். கட்டட வேலையை அளக்கிற இந்தியத் தர முறையான ஐஎஸ் 1200 படி பூச்சில் 0.5 சதுர மீட்டர் வரை உள்ள ஓட்டைக்குக் கழிவு கிடையாது. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. ஜன்னல், கதவின் பக்கவாட்டுப் பூச்சுக்கு ஈடாக மறுமுகம் விடப்படுகிறது. 3 சதுர மீட்டருக்கு மேல் இரண்டு முகமும் கழித்து, பக்கவாட்டைத் தனியாகக் கூட்ட வேண்டும். 3 × 7 அடிக் கதவு 1.95 சதுர மீட்டர், 4 × 4 ஜன்னல் 1.49. ஆக வீட்டின் திறப்பு கிட்டத்தட்ட எல்லாமே நடுப்பிரிவில் விழும். இரண்டு முகமும் கழி என்று வீட்டுக்காரரும், ஒன்றுமே கழிக்க மாட்டேன் என்று மேஸ்திரியும் நிற்பது வழக்கம். இரண்டும் முறையில்லை.

#17 ஏழடி_நிலை

மரம் பத்தி யாரும் எழுதல. கதவு நிலைக்கு மரம் கன அடிக் கணக்கு. 7 × 3½ அடி நிலை, 5 × 3 அங்குலக் கட்டை: இரண்டு கால் 14 அடி, மேல் 3½, கீழ்ப்படி இருந்தால் இன்னொரு 3½. மொத்தம் 21 அடி × 15 ÷ 144 = 2.19 கன அடி. படி இல்லாட்டி 1.82. கொம்பு விட்டு, அதாவது கட்டை முனையைச் சுவருக்குள்ள நீட்டி அடிச்சா அந்த நீளமும் சேரும்.

5 × 3ங்கறது அறுத்த அளவு. இழைச்சு முடிச்சா 4¾ × 2¾ தான் நிற்கும், 13 சதவீதம் சீவலாப் போயிடும். பில் அறுத்த அளவுக்குத்தான் வரும், அது நியாயம். ஆனா ஏற்கெனவே இழைச்ச கட்டையை 5 × 3ன்னு விலை போட்டா கேளுங்க.

உருட்டுத் தடி வாங்குறவங்களுக்கு: சுற்றளவை நாலால வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி 144ஆல வகுப்பாங்க. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளத் தடி = 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. உருளைக் கணக்குல அது 12.7. மீதி 21 சதவீதம் பட்டைக்கும் வளைவுக்கும் விட்டது. அதனால தடி விலையையும் அறுத்த மர விலையையும் ஒரே “கன அடி”ன்னு பக்கத்துல வெச்சுப் பார்க்காதீங்க. தடிக்கு மேல வாள் கழிவு, அறுவைக் கூலி ரெண்டும் இருக்கு. கதவுப் பலகை மட்டும் சதுர அடியில பேசுவாங்க, கனம் கேட்டு எழுதிக்கணும்.

#18 கொழிஞ்சை_புதுவீடு

முன்னாடி சிட்-அவுட்டுக்கு மட்டும் ஓடு போடலாம்னு இருக்கோம், தளத்துக்கு முன்னால தனியா. 12 × 8 அடி, 30 டிகிரி சாய்வு. 96 சதுர அடிக்கு ஓடு வாங்கினா போதுமா? அந்த ஓட்டுத் தண்ணியையும் மொட்டை மாடித் தண்ணியையும் சம்ப்புல, அதாவது நிலத்தடித் தொட்டியில விடணும்.

#19 ரசமட்டம்

ஓடு சாய்வுப் பரப்புக்கு வாங்க வேண்டும். 30 டிகிரிக்கு தரைப் பரப்பை 1.155ஆல் பெருக்குங்கள், 111 சதுர அடி. இறவாணம் முன்னால் 1½ அடி நீட்டினால் அதையும் முதலிலேயே 8 அடியோடு சேருங்கள். 12 × 9½ × 1.155 = 132. உடைசலுக்குத் தனி.

மழைக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. மழை மேலிருந்து விழுகிறது, தரையில் விழுகிற நிழல் அளவுதான் கணக்கு. ஓடு 132 சதுர அடி வாங்கினாலும் தண்ணீருக்கு 12 × 9½ = 114 தான். மாடி 1080 சேர்த்து 1194 சதுர அடி, 111 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 111 லிட்டர். 50 மி.மீ. மழைக்கு 5550 லிட்டர், முதல் அலசலும் சிதறலும் போக 4700 சேர்ந்தால் நல்லது. உங்கள் ஊர் இருக்கிற சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டு மேற்குக்குச் சொல்கிற கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

#20 கோபாலபுரம்_டிப்பர்

சம்ப்பு உள்அளவு பாருங்க. வெளியில 6½ × 7½ அடி தோண்டி 9 அங்குலச் சுவர் கட்டினா உள்ள 5 × 6 தான். 6 அடி தண்ணி நின்னா 180 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், 5100 லிட்டர். வெளி அளவுல போட்டா 8300ன்னு வரும். மேல ஒரு அடி காலி விடணும், அதனால குழி 7 அடியோட சுவர், அடித்தளக் கனமும் சேர்த்து வெட்டணும்.

தொட்டி கட்டாம வட்டமான கான்கிரீட் உறை இறக்கறதா இருந்தா 3 அடி உறையில ஒரு அடி உயரத்துக்கு 200 லிட்டர். 4 அடி உறையில 356. அகலம் ஒரு அடிதான் கூடுது, தண்ணி முக்கால் பங்கு கூடுது.

#21 மீனாட்சிபுரம்_மேற்கு

12 அடி உயரம்னா ஏசி டன்னும் 20 சதவீதம் கூட்டணுமா?

#22 ரசமட்டம்

அப்படியே கூட்ட வேண்டாம். காற்றை முதலில் குளிர்விக்கிற நேரம் கூடும், அது கன அளவோடு போவது. தொடர்ந்து வருகிற வெப்பம் தளத்திலும் வெயில் படுகிற சுவரிலும் ஜன்னலிலும் இருந்து வருகிறது, அதாவது பரப்போடு போவது. தளம் மாறவில்லை, சுவர் மட்டும் கூடியிருக்கிறது. மேற்குச் சுவர் உள்ள அறைக்கு மட்டும் யோசியுங்கள்.

ஏசி இல்லாத வீட்டில் 12 அடி பலன் தர வேண்டுமென்றால் தளத்தை ஒட்டி எதிரெதிராக வென்டிலேட்டர் வையுங்கள். வெந்நீர்ப் பானைக்கு மூடி போட்ட மாதிரி மேல் 5 அடியை அடைத்துவிட்டு உயரம் மட்டும் கூட்டினால் சூடு அங்கேயே நிற்கும். பேன் தரையிலிருந்து 8½, 9 அடியில் வர ராடு 3 அடி வேண்டும்.

#23 கொழிஞ்சை_புதுவீடு

கான்ட்ராக்டர்கிட்ட #2, #4 ரெண்டையும் காட்டிப் பேசினோமுங்க. 2130க்கு ஒத்துக்கிட்டார். அக்ரிமென்ட்ல இப்படி எழுதலாம்னு இருக்கோம்: “உயரம் 12 அடி, தளம் 5 அங்குலம், சுவர் 8 அங்குலம், உள்பூச்சு 12 மி.மீ., வெளிப்பூச்சு 18 மி.மீ., சதுர அடி வெளி அளவுப்படி.” போதுமா?

#24 ரசமட்டம்

“உயரம்” என்று மட்டும் எழுதாதீர்கள். “டைல்ஸ் போட்ட தரையிலிருந்து தளத்தின் அடிப்பூச்சு வரை 12 அடி” என்று எழுதுங்கள். டைல்ஸ் போடாத கரட்டுத் தரையிலிருந்து அளந்தால் கடைசியில் 11 அடி 10 அங்குலம் கூட நிற்காது. வெளி அளவுக்குப் பக்கத்தில் “பூச்சுக்கு முன்” என்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு கனத்துக்கும் 2130 வீதம் கொடுப்பீர்கள். மாடிப்படி கேபின் எந்த ரேட்டு என்பதைக் காணோம்.

#25 தூக்குக்குண்டு

படியைப் பார்த்தீங்களா? 10 அடிக்கும் தளக் கனத்துக்கும் 125 அங்குலம், 6¼ வீதம் 20 ஏற்றம் (ஒரு படியோட உயரம்). இப்ப 149 அங்குலம், அதே ஏற்றம்னா 24. நடுவுல திரும்புற மடிப்புப் படின்னா ஒரு பக்கத்துக்கு 2 மிதி (கால் வைக்கிற இடம்) கூடும், 10 அங்குல மிதிக்கு 20 அங்குலம் நீளம் வேணும். வெளிச்சுவர் நகராது. அந்த 20 அங்குலம் பக்கத்து ரூம்ல இருந்துதான் வரணும்.

#26 கொழிஞ்சை_புதுவீடு

படிக்குப் பின்னால சமையலறை. 10 அடிதான் இருக்கு. 8 அடி 4 அங்குலம் ஆயிடுமே.

#27 தூக்குக்குண்டு

ஏற்றத்தை 6¾ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல வெச்சு 22 ஆக்குங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு மிதிதான் கூடும், சமையலறையில 10 அங்குலம் மட்டும் போகும். 7 அங்குலத்தைத் தாண்ட விடாதீங்க, வயசானவங்க ஏற முடியாது. சுவர் மார்க் பண்றதுக்கு முன்னாடியே பிளான்காரரைக் கூப்பிட்டு இதை மாத்தி வரைஞ்சு வாங்கிடுங்க.

#28 கொழிஞ்சை_புதுவீடு

சரிங்ணா, 22 ஏற்றம்னே வரையச் சொல்லிடறோம். கேபினுக்கும் அக்ரிமென்ட்ல தனி வரி போட்டாச்சு, பாதி ரேட்டு.